அரைத் தூக்கத்தில் பார்த்த உளுந்து வயல்

என் மனைவி உளுந்து போட்ட அந்த ஒரு போகத்தை நான் முழுசாக விழித்திருந்து பார்த்ததே இல்லை. அந்த மாதங்களில் எனக்குத் தொடர்ந்து நைட் ஷிப்ட். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனி. பெல்ட்டில் வரிசையாக வரும் கறுப்பு வளையங்களை ட்யூப்லைட் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்து, நெளிந்தது, பிசிறு அடித்தது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போடுவது என் வேலை. விடிந்ததும் கம்பெனி பஸ் என்னைப் புதுவாயல் கூட்டுரோட்டில் இறக்கிவிடும். அங்கே நிறுத்தி வைத்திருக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் நேராக வயலுக்குப் போவேன். பயிர்மேல் பாசம் பொங்கி வழிந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாஷ்டா அங்கேதான் இருந்தது.

தூக்குவாளியில் இட்லியோ பழைய சோறோ கொண்டுவந்து வேப்பமரத்தடியில் வைத்திருப்பாள். தின்றுவிட்டு வரப்பில் அப்படியே சாய்வேன். கண்ணை மூடினால் கறுப்பு வளையங்கள் ஓடும். திறந்தால் பனியில் நனைந்த பச்சை. மறுபடி மூடினால் அந்தப் பச்சைக்கு நடுவிலேயே வளையங்கள் ஓடும். இப்போதும் நான் அந்தப் போகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "நீ சொல்றதுல பாதி கனா" என்பாள். இருக்கலாம். மீதிப் பாதி எனக்குப் போதும்.

அந்த நிலம் அவளுடைய அப்பா கொடுத்தது. அவள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவாள். ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் பாதிப் பேர் அப்படித்தான். நைனா போன பிறகு நிலம் இரண்டாகப் பிரிந்து, பெரிய துண்டு அவள் அண்ணனுக்கும் சின்னத் துண்டு அவளுக்கும் வந்தது. மச்சான் தன் பங்கை மனைபோடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார். நெல் விளைந்த இடத்தில் வெள்ளையடித்த கற்கள் முளைத்தன. தார் ரோடு ஒன்று கிளம்பி வந்து எங்கள் வரப்பில் முட்டி, அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வயலுக்கு அந்தப் பக்கம் மச்சான் தனக்கென்று ஒரு மனையை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தார். மகனுக்குக் கல்யாணம் ஆனால் அங்கே வீடு கட்ட வேண்டும். எங்கள் துண்டும் மனையாகிவிட்டால் ரோடு நேராக அவர் வாசலுக்குப் போகும். ஆகாவிட்டால் அவர் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

அதனால் அவர் எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதட்டியெல்லாம் கேட்கவில்லை. வருவார், காபி குடிப்பார், "இன்னாம்மா யோசிச்சியா" என்பார், போய்விடுவார். விளைச்சலில் பங்கு என்று நிலத்தை வாரத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தவரும் அந்தத் தை மாதம் நெல் அறுத்ததோடு கையைக் கழுவிவிட்டார். சுற்றிலும் மனை வந்துவிட்டது, இனிமேல் இதில் பாடுபட முடியாது என்றார். அதே சமயத்தில்தான் என் மனைவி வேலை செய்துகொண்டிருந்த கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்து அவளையும் நிறுத்தியிருந்தார்கள். அவள் இரண்டு நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். மூன்றாவது நாள் அண்ணன் வந்து காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் சொன்னாள்.

"ஒரே ஒரு போகம் எனக்கு வுடுண்ணா. உளுந்து போடறேன். வந்துதுன்னா நெலம் என்கிட்டயே கெடக்கட்டும். வரலன்னா நானே வந்து கையெழுத்துப் போட்டுடறேன்."

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். "உனுக்கு இன்னா தெரியும் உளுந்தப் பத்தி?"

"தோசைக்கு அரைக்கத் தெரியும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சரி என்றார். எனக்கு அது ஒரு விளையாட்டு மாதிரித்தான் தோன்றியது. அவர் போன பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை என்று அப்போது புரிந்தது.

அறுப்பு மிஷின் போன ஈரம் இருக்கும்போதே ஓர் உழவு ஓட்டி விதைத்தாள். நான் வரப்பில் கிடந்து பார்த்தேன். முந்தானையில் விதையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கைப்பிடியாக வீசிக்கொண்டே போனாள். முதலில் ஓர் இடத்தில் அடர்த்தியாகவும் இன்னோர் இடத்தில் காலியாகவும் விழுந்தது. போகப் போகக் கை பழகிவிட்டது. காலைப் பனி முழங்கால் உயரத்துக்கு நின்றதால் அவள் கால்களே தெரியவில்லை. இடுப்புக்கு மேலே உள்ள ஒருத்தி மட்டும் வெள்ளைக்குள் மிதந்து போய்த் திரும்பி வந்தாள். அன்றைக்குக் கனவில் ஒரு முறை, நேரில் ஒரு முறை என்று அதையே இரண்டு தடவை பார்த்தேன்.

உளுந்துக்கு இங்கே தண்ணீர் பாய்ச்சுவதில்லை. நெல் விட்டுப்போன ஈரத்திலும் பனியிலும் அதுவாகவே எழுந்து வந்துவிடும். எழுந்து வந்தது. இரண்டு இலை, பிறகு மூன்று மூன்றாக இலை. ஏரிக்கரை ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். மச்சானும் ஒரு நாள் நிறுத்திப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதற்கே இவள் அன்றைக்கு மத்தியானம் பாயசம் வைத்தாள்.

பிரச்சினை மனைகளிலிருந்து வந்தது. மனை வாங்கினவர்கள் எல்லாம் சென்னையிலும் திருநின்றவூரிலும் இருந்தார்கள். கல் நட்டதோடு சரி. யாரும் வந்து பார்ப்பதில்லை. அந்த மண் நைனா காலத்திலிருந்து எரு தின்ற மண், சும்மா இருக்குமா? துத்தி, பார்த்தீனியம், நாயுருவி என்று ஆள் உயரத்துக்கு வளர்ந்து எங்கள் வயலை மூன்று பக்கமும் சூழ்ந்துகொண்டு நின்றது. துத்தி இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பொட்டுப் பொட்டாக வெள்ளை ஈ. அரிசிக் குருணையைவிடச் சின்னது. தொட்டால் பறந்து மறுபடி அங்கேயே உட்காரும்.

இந்த ஈ உளுந்துக்கு ஆகாது என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள், போனிலும் ஒரு வீடியோ பார்த்திருந்தாள். களையில்தான் ஈ இருக்கிறது, ஆகவே களையை எடுத்துவிட்டால் ஈ இருக்காது. கேட்டால் யாருக்கும் சரியென்றுதான் படும். எனக்கும் பட்டது. அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு ஊரார் மனைக்குள் இறங்கிவிட்டாள்.

அவள் அங்கே வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். அந்த மனைகளில் அவளுக்கு ஒரு சாண் கூடச் சொந்தமில்லை. ஆனால் எந்த இடத்தில் மண் பொதுபொதுவென்று இருக்கும், எங்கே பழைய கிணற்று மேடு, எங்கே கல் இடறும் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. கல்லைச் சுற்றிக்கூடச் சுத்தமாக எடுத்தாள். பிடுங்கிய துத்தியை எல்லாம் கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டுவந்து எங்கள் வரப்பில்தான் குவித்தாள். அடுத்தவர் இடத்தில் குப்பை போடுவது மரியாதை இல்லையாம்.

வெயில் ஏற ஏறக் குவியல் வாட ஆரம்பித்தது. நான் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தேன். அரைக்கண்ணில் பார்த்தேன்: வாடிய துத்தியிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பியது. புகை இல்லை, தூசியும் இல்லை. மாவு சலிக்கும்போது பறப்பது மாதிரி மெல்ல எழும்பி, வெயிலில் ஒரு தரம் மினுங்கி, காற்று போன போக்கில் சாய்ந்து உளுந்தின்மேல் இறங்கியது. அவ்வளவு அழகாக ஒன்றை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவளைக் கூப்பிட்டுக் காட்டக்கூட நினைத்தேன். வாய் திறப்பதற்குள் தூங்கிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, திருநின்றவூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். எங்களுக்கு அடுத்த மனை அவருடையது. ரயில் மாறி, ஷேர் ஆட்டோ மாறி வந்து இறங்கியவர், தன் மனை சவரம் செய்த கன்னம் போல இருப்பதையும் அதற்குள் ஒருத்தி அரிவாளோடு நிற்பதையும் பார்த்தார்.

"யாருங்க நீங்க? என் இடத்துல என்ன பண்றீங்க?"

"களை எடுக்கறேன்மா."

"நான் சொல்லவே இல்லையே. எதுக்கு எடுக்கறீங்க?"

இவள் ஈயைப் பற்றிச் சொன்னாள். அந்த அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. மனையின் நாலு மூலைக்கும் போய்க் கல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பாவம், கஷ்டப்பட்டு வாங்கியிருப்பார். எங்கள் உளுந்து அவர் கல் வரைக்கும் வந்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்தான்.

"உங்க கல்லு உங்க எடத்துலதாம்மா கீது" என்றாள் இவள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அதற்குமேல் அரிவாளைத் தொடவில்லை. அடுத்த வாரம் அந்த மனையைச் சுற்றிக் கம்பி வேலி வந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒரு காலையில் கண் விழித்தபோது வயலில் பொன் தூவியிருந்தது. பச்சை இலைகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மஞ்சள் புள்ளிகள். இரண்டு மூன்று நாளில் புள்ளிகள் பெருகி, இலை நரம்பைத் தாண்டி, சில செடிகளின் கொழுந்து முழுக்க எலுமிச்சை நிறமாகிவிட்டது. வெயில் பின்பக்கமிருந்து விழும்போது ஒவ்வொரு இலையும் உள்ளே விளக்கு வைத்த மாதிரி இருந்தது. பழுக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு வயலு ஜோராக்கீதும்மே" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் தூக்கம் பறந்துவிட்டது.

ஒரு செடியைப் பிடுங்கி பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வண்டியில் பின்னால் ஏறினாள். ஊத்துக்கோட்டையில் ஒரு மருந்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கவரைப் பிரிக்கக்கூட இல்லை. வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, "மஞ்ச தேமலு" என்றார். அந்த நோய் வந்த செடிக்கு வைத்தியம் கிடையாது, ஈதான் ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகும் என்றும் சொன்னார்.

"ஈ வரக் கூடாதுன்னுதான் சுத்தி இருந்த துத்தியெல்லாம் புடுங்கிப் போட்டேன்" என்றாள் இவள்.

"எப்போ?"

"உளுந்து மொளைச்சி, நல்லா எல வுட்டப்புறம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வெதைக்கறதுக்கு முன்னாடி புடுங்கணும்மா. இப்போ புடுங்கினா அது எங்க போவும்? அதோட ஊட்ட இடிச்சா பக்கத்து ஊட்டுக்குத்தான போவும்? பக்கத்துல உன்னுது எளசா கீது."

மருந்து ஒன்று கொடுத்தார். நோய் கண்ட செடிகளை உடனே பிடுங்கிப் புதைக்கச் சொன்னார். மஞ்சள் நிறத்தைக் கண்டால் ஈ ஓடி வந்து உட்காரும், அதனால் மஞ்சள் தகட்டில் விளக்கெண்ணெய் தடவி நட்டு வைத்தால் ஒட்டிக்கொண்டு சாகும் என்றும் சொன்னார். அவர் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் திருப்பிச் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும்.

வரும் வழியில் ஒரு மதகுப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, மதகுச் சுவரில் உட்கார்ந்து அழுதாள். "சும்மா இருந்தா வந்திருக்காது. நானே புடிச்சி உள்ள வுட்டுக்கினேன்" என்றாள். மாவு மாதிரி எழும்பிப் போனதே, அது என் கண்ணுக்குள் மறுபடியும் ஒரு தரம் எழும்பிப் போனது. அதை அழகு என்று நினைத்ததை அவளிடம் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

மறுநாளிலிருந்து பிடுங்கினோம். மருந்தும் அடித்தோம். ஈ இரண்டு நாள் காணாமல் போய், மிச்சமிருந்த மனைகளிலிருந்து மூன்றாம் நாள் திரும்பி வந்தது. ஆகவே பிடுங்குவதுதான் வழி. ராத்திரி முழுக்கச் சரியில்லாத வளையத்தை எடுத்துப் போட்டவன், விடிந்ததும் சரியில்லாத செடியை எடுத்துப் போட்டேன். கம்பெனியில் அது ஒன்றும் வலிக்காது. இங்கே வேர் மண்ணை விட்டு வரும்போது கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், அப்புறம்தான் விடும். அது கைக்குத் தெரியும். மஞ்சள் செடியும் பூ வைத்திருந்தது, அதிலும் தேனீ வந்து உட்கார்ந்திருந்தது. அவள் சில செடிகளின் முன்னால் நின்று யோசிப்பாள். "இது ஒரு எலதான மஞ்சளா கீது" என்பாள். நான் பிடுங்கிவிடுவேன். அப்புறம் அடுத்த செடி முன்னால் நான் நின்று யோசிப்பேன். அவள் பிடுங்கிவிடுவாள்.

இப்படி ஒரு நாள் பிடுங்கிக் களைத்து, கம்பெனியில் கொடுத்த சேப்டி ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் வரப்பில் விழுந்துவிட்டேன். பளீரென்ற மஞ்சள் ஜாக்கெட். குறுக்கே வெள்ளிப் பட்டை ஓடும். கனவில் யாரோ என்மேல் பவுடர் தூவிக்கொண்டிருந்தார்கள். கண் திறந்தால் என் மனைவி என் முகத்துக்கு நேரே குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அசையாத. அசையாதங்கறேன்."

பாம்புதான் ஏறிவிட்டது என்று நினைத்து மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். மெல்லக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால், ஜாக்கெட் முழுக்க வெள்ளை ஈ. வயலில் இருந்ததில் பாதி என்மேல் உட்கார்ந்திருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னை அத்தனை ஆசையோடு பார்த்ததில்லை.

தகடு வாங்கும் வேலை அத்தோடு முடிந்தது. கம்பெனியில் கிழிந்தது, நைந்தது என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்த ஜாக்கெட்டுகளைக் குச்சிகளில் மாட்டி, விளக்கெண்ணெய் தடவி, வயல் நெடுக நட்டோம். ரோட்டிலிருந்து பார்த்தால் உளுந்துக்கு நடுவில் ஒரு ஷிப்ட் ஆளே வேலைக்கு நிற்பது மாதிரி இருக்கும். ஜாக்கெட் கொடுத்த என் கூட்டாளிகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. "உன் வயல்ல ஓவர்டைம் உண்டா" என்று கேட்டார்கள். காற்று அடிக்கும்போது எல்லா ஜாக்கெட்டும் சேர்ந்து கையை அசைக்கும். தூக்கக் கலக்கத்தில் நான் ஒரு முறை பதிலுக்குக் கையசைத்திருக்கிறேன். அதை அவள் பார்த்துவிட்டாள், இன்னும் விடவில்லை.

ஜாக்கெட்டில் ஈ ஒட்டியது உண்மை. நோய் அதற்கு முன்பே பரவியிருந்தது என்பதும் உண்மை. வயல் பொத்தல் பொத்தலாகிவிட்டது. நின்ற செடியைவிடப் பிடுங்கின இடம் பெரிதாகத் தெரிந்தது. இரண்டு பேர் சேர்ந்து பிடுங்கியும் மஞ்சள் எங்களை முந்திக்கொண்டு போயிற்று. ஒரு கட்டத்தில் அவள் நிறுத்திவிட்டாள். "இனி புடுங்கினா மண்ணுதான் மிஞ்சும்" என்றாள்.

அந்தச் சமயத்தில் திருநின்றவூர் அம்மா மறுபடி வந்தார். வேலியைத் திறந்து மனையைப் பார்த்தார். உள்ளே களை மறுபடியும் முழங்காலுக்கு வந்திருந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, வெயிலில் ஜொலித்துக்கொண்டிருந்த மஞ்சளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ரொம்ப அழகா இருக்குங்க. இது என்ன செடி? நான் ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

இவள் தலையாட்டினாள். அந்த அம்மா வரப்பில் நின்று, மஞ்சள் பின்னால் தெரிகிற மாதிரி தன்னைத் தானே எடுத்துக்கொண்டார். எடுத்து முடித்தபின், "பூச்செடியா? எங்க வீட்டுத் தொட்டியில வருமா?" என்றார்.

"அது நோவும்மா" என்றாள் இவள். "மஞ்சளா கீறதெல்லாம் செத்துக்கினு கீது."

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. போனை எடுத்து அந்தப் படத்தை அழித்தாரா, வைத்துக்கொண்டாரா தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, களையால்தானா என்று கேட்டார். களையாலும், களையை எடுத்ததாலும் என்று இவள் சொன்னாள். போகும்போது வேலிச் சாவியை இவள் கையில் கொடுத்தார். "எப்ப எடுக்கணுமோ அப்ப எடுத்துக்குங்க" என்றார். நல்ல மனுஷி. ஆனால் அந்தச் சாவி வந்த நேரத்தில் அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அப்போதுதான் அவள் இன்னொன்றைக் கவனித்தாள். மஞ்சளுக்கு நட்ட நடுவில் சில செடிகள் ஒன்றும் நடக்காதது போலப் பச்சையாக நின்றன. பக்கத்துச் செடியின் இலை இதன் இலையோடு உரசிக்கொண்டிருக்கும். அதே ஈ இதிலும் உட்காரும். ஆனாலும் பச்சை. பழைய துப்பட்டாவைக் கிழித்து அந்தச் செடிகளுக்கு மட்டும் ஒவ்வொரு நாடா கட்டினாள். எதற்கு என்று கேட்டேன். "தெரியல. வேற ஆளு மாதிரி கீது, அடையாளம் வெச்சிக்கறேன்" என்றாள்.

பங்குனி வெயிலில் காய் கறுத்தது. மஞ்சள் செடிகளில் காய் கோணிக்கொண்டும் உள்ளே மணி பிடிக்காத சாவியாகவும் இருந்தது. பரவாயில்லாத செடிகளை வேரோடு பிடுங்கி, வரப்பில் முட்டி நின்ற அந்தத் தார் ரோட்டிலேயே காயப்போட்டாள். களம் என்று ஒன்று இப்போது யாரிடம் இருக்கிறது? நாடா கட்டின செடிகளைத் தனியாக ஒரு சேலைமேல் காயப்போட்டாள். கோலால் தட்டித் தூற்றி முடித்தபோது மொத்தமும் சேர்த்து ஒரு மூட்டையின் அடிப்பக்கத்தில் கிடந்தது. ஓர் ஆள் ஒரு கையால் தூக்கிவிடலாம். அவள் மூட்டை வாயைக் கட்டவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நிலம் போகப்போகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை அது அவளுடைய நிலம், அவளுடைய கவலை. அந்தக் காலையில் எனக்கும்தான். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று தோன்றவே இல்லை.

மச்சான் வண்டியில் வந்தார். ரோட்டில் உளுந்துச் செடி பரப்பியிருந்ததால் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, செடியை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து வந்தார். வயலைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார்.

"வரலண்ணா" என்றாள் அவள். எழுந்துகூட நிற்கவில்லை. "எப்போ வந்து கையெழுத்துப் போடணும்னு சொல்லு."

அவர் குந்தி உட்கார்ந்தார். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார். சாவியை ஊதித் தள்ளினார்.

"வராமயா கைல கீது?" என்றார்.

"இது வந்ததா? ஒரு மூட்டைகூட இல்ல."

"நீ மூட்டைக் கணக்கா சொன்ன? வந்துதுன்னான்னுதான் சொன்ன. வந்துகிது."

"நீ பாவம் பாக்கற. நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். வரல."

"உனுக்கு இன்னாத்துக்குப் பாவம் பாக்கப் போறேன்? ஏரிக்கரையச் சுத்திக்கினு ஊட்டுக்குப் போவப் போறது நானு. வந்துகிதுங்கறேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நிலம் வேண்டும் என்கிறவள் வரவில்லை என்று சாதிக்கிறாள். நிலம் போக வேண்டும் என்கிறவர் வந்துவிட்டது என்று சாதிக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நடுவில் மூட்டையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இப்படியே பேசினார்கள். நான் குறுக்கே போகவில்லை. இது கனவாக இருந்தால் கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அப்புறம் மச்சான் சேலைமேல் தனியாகக் கிடந்த உளுந்தைப் பார்த்தார். "அது இன்னா தனியா?"

"மஞ்ச புடிக்காத செடிண்ணா. சுத்திலும் மஞ்சளா கீது, இதுங்க மட்டும் பச்சையா நின்னுது. வெதைக்கு ஆவும்னு எடுத்து வெச்சேன்."

அவர் முட்டி போட்டு நகர்ந்து போய், அதில் ஒரு பிடி அள்ளினார். மணி திரண்டு கறுகறுவென்று இருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சந்தோஷம் வந்தது.

"நல்லா கீதும்மா. எனக்கும் ஒரு படி குடு, வர்ற தைக்குப் போடலாம்" என்றார்.

அவள் முறத்தை எடுத்தாள். படி தேடினாள். தேடிக்கொண்டே, மேட்டிலா பள்ளத்திலா என்று கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டாள்.

"எங்கண்ணா போடுவ?"

கேட்டுவிட்ட பிறகுதான் அவளுக்கே புரிந்தது. கையில் முறத்தோடு நின்றுவிட்டாள். மச்சானும் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். வெள்ளைக் கல், வெள்ளைக் கல், வேலி, தார் ரோடு. பிறகு கையைச் சேலைமேல் கொண்டுபோய் மெல்லத் திறந்தார்.

"உன்னுதுலயே போடு" என்றார்.

சொல்லிவிட்டு, உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு விதைகளையும் அங்கேயே தட்டிவிட்டுத்தான் எழுந்தார்.